சுவரிலிருந்து படத்தைக் கழற்றியது பற்றி

அன்பிற்குரிய நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதுவது. நான் நலமாக இருப்பதாக எழுதுவதுதான் முறை என்பதால் நலமாக இருக்கிறேன்; இடது முழங்கால் மட்டும் அந்த முறைக்குக் கட்டுப்படவில்லை. உன் வீட்டுக்காரருக்கு இருமல் குறைந்ததா, உன் மருமகள் இப்போதாவது ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்குகிறாளா என்றெல்லாம் விசாரித்ததாக வைத்துக்கொள். விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் மூன்றாம் தேதி நீ வந்தாய். கூடத்தில் உட்கார்ந்தாய். சுவரைப் பார்த்தாய். ஆணி மட்டும் இருந்தது. "அண்ணா படம் எங்க?" என்றாய். "கழட்டிட்டேன்" என்றேன். டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு, செருப்பைச் சரியாகக்கூட மாட்டாமல் போய்விட்டாய். அதற்குப் பிறகு ஐந்து முறை போன் செய்தேன். ஒரு முறையும் நீ எடுக்கவில்லை. உன் வீட்டுக்காரர் இரண்டு முறை எடுத்து, நீ குளிப்பதாகச் சொன்னார். காலை பதினொன்றுக்கும் குளியல், மாலை ஐந்துக்கும் குளியல். பாவம், அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது. வேறு யாரையாவது அந்த வேலைக்கு வை.

ஆகவே கடிதம். கான்வென்ட்டில் எங்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த சிஸ்டர், இடது பக்கம் ஒரு அங்குலம் விட வேண்டும், ஒரு கடிதத்தில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும், அழுகை இருக்கவே கூடாது என்பார். மூன்றையும் கடைப்பிடிக்கப் பார்க்கிறேன்.

உன் அண்ணன் போனதும் பெரிதாக ஒரு படம் மாட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டது நீ. வீட்டில் அவர் இருக்கும் போட்டோ பதினேழு. பதினேழிலும் கண்ணை மூடியிருக்கிறார். கல்யாணப் போட்டோவில் மூடியிருக்கிறார். ஓய்வு பெற்ற அன்று கொடுத்த கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மூடியிருக்கிறார். ஆபீஸ் அடையாள அட்டையில்கூட மூடியிருக்கிறார். அந்த வாசல் காவலாளி முப்பது வருஷம் அட்டையையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். நீ அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போட்டோக் கடைக்குப் போனாய். கடைக்காரர் அதைப் பெரிது பண்ணி, சட்டம் போட்டு, கம்ப்யூட்டரில் கண்ணையும் திறந்து கொடுத்தார். உனக்குச் சந்தோஷம். எனக்கு அந்த நேரத்தில் எதைக் கொடுத்திருந்தாலும் வாங்கி மாட்டியிருப்பேன்.

எட்டு மாதம் அந்தப் படத்தோடு குடித்தனம் செய்தேன். சட்டை உன் அண்ணனுடையது, முன் வழுக்கை உன் அண்ணனுடையது, கண் மட்டும் யாருடையதோ. நல்ல கண்தான், குறை சொல்லவில்லை. கொஞ்சம் சின்ன வயசு, கொஞ்சம் துணிச்சல். அது பார்த்துக்கொண்டிருக்கும்போது என்னால் கூடத்தில் தலை வார முடியவில்லை. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் பேப்பர் படித்தேன். சாப்பாட்டைச் சமையலறைக்கு மாற்றிக்கொண்டேன். கடைசியில் கடைக்காரரிடமே போய், "இது யார் கண்ணுங்க?" என்று கேட்டேன். "உங்க வீட்டுக்காரர் கண்ணுதாம்மா" என்றார். "அவர் கண்ணை நீங்க பார்த்ததே இல்லையே" என்றேன். அப்புறம் ஒத்துக்கொண்டார். "பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தவங்கள்ல நல்ல கண்ணா ஒண்ணு பார்த்து எடுத்து வெச்சோம்மா. இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லை" என்றார்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் மருந்துக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் ஒரு நாள் திரும்பினார் பார், அதே கண். எட்டு மாதமாக என் கூடத்துச் சுவரில் இருக்கிற கண், வயிற்றுப்போக்குக்கு மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்த பார்வையில் அந்த ஆள் பயந்துபோய், "என்னம்மா, என்னைத் தெரியுமா?" என்றார். "தினம் பார்க்கிறேன்" என்று வாயில் வந்துவிட்டது. மாத்திரையைக்கூட வாங்காமல் போய்விட்டார். வீட்டுக்கு வந்ததும் முக்காலி போட்டு ஏறிக் கழற்றினேன். இதுதான் நடந்தது. நான் உன் அண்ணனைக் கழற்றவில்லை, அந்த மனிதரைத்தான் கழற்றினேன். இதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ "எங்க?" என்று கேட்ட தொனி எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் சொல்லவில்லை.

சட்டத்தைக் காலியாக வைக்கவும் மனசு வரவில்லை. இரண்டு கண்தானே, நாமே வரைந்து ஒட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். நம் தெருக்கோடிச் சைக்கிள் கடைக்கு மேல் மாடியில், "தன்னம்பிக்கையோடு வரையலாம், ஆரம்பத்திலிருந்து, வயது தடையில்லை" என்று ஒரு பலகை தொங்குகிறது. வயது தடையில்லை, படிதான் தடை, இருபத்திரண்டு. பகலில் வண்டிகளுக்கு நம்பர் எழுதுகிற ஒருவர் சனிக்கிழமைகளில் நான்கிலிருந்து ஆறு வரை அங்கே வாத்தியார். என்னோடு படிக்க ஒரு பல் டாக்டரும் இன்னும் நாலைந்து பேரும். முதல் நாள் ஒரு கோப்பையை வைத்து வரையச் சொன்னார், நான் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தேன், "அம்மா, கோப்பைக்கு எதுக்கு ஸ்கேல்?" என்கிறார், "கோடு நேரா இருக்க வேண்டாமா?" என்றேன், "கோப்பையே நேரா இல்லையேம்மா" என்று ஸ்கேலை வாங்கி வைத்துக்கொண்டார், அப்புறம் ரப்பரையும் கேட்டார், இங்கே யாரும் எதையும் அழிக்கிறதில்லையாம், எல்லோருடைய ரப்பரையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிட்டார். என்னிடம் கைக்குட்டைக்குள் இன்னொன்று இருந்தது. கான்வென்ட்டில் படித்தவள் எதற்கும் இரண்டாவது வைத்திருப்பாள். கோப்பையின் பிடி சரியாக வரவில்லை என்று அழித்தேன், வரைந்தேன், அழித்தேன், பிடி இருக்க வேண்டிய இடத்தில் தாள் பொத்துக்கொண்டது. பல் டாக்டர் அந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்து, "சொத்தை ரொம்ப ஆழமாப் போயிடுச்சும்மா" என்கிறார், வகுப்பே சிரிக்கிறது, இரண்டாவது ரப்பரும் டப்பாவுக்குப் போயிற்று. "தன்னம்பிக்கையோட ஒரே கோடாப் போடுங்கம்மா, தப்பா வந்தா தப்பாவே இருக்கட்டும்" என்றார் வாத்தியார். எழுபத்திரண்டு வயதில் இப்போதுதான் முதல்முறையாக ஒருவர் என்னைத் தப்புச் செய்யச் சொல்கிறார்.

ஆனாலும் போனேன். கோப்பை வந்தது, கெட்டில் வந்தது, பல் டாக்டரின் மூக்குகூட வந்தது. உன் அண்ணன் கண் மட்டும் வரவில்லை. முதல் வாரம் மீன் மாதிரி இருந்தது. அடுத்த வாரம் சட்டைப் பட்டன். மூன்றாவது வாரம் அருமையாக ஒரு கண் வந்தது. பார்த்தால் மருந்துக் கடை மனிதருடையது. வாத்தியார் பக்கத்தில் வந்து நின்று, "தெரிஞ்சதை வரையாதீங்கம்மா, பார்க்கிறதை வரைங்க" என்றார். நான், "பார்க்கத்தான் ஆள் இல்லையே" என்றேன். பதிலுக்குச் சொன்னதுதான், வேறு எதுவும் நினைத்துச் சொல்லவில்லை. யாரோ பென்சில் சீவிக்கொண்டிருந்தார்கள், அந்தச் சத்தமும் நின்றுவிட்டது. வாத்தியார் என் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "மனசுல எப்படித் தெரியுறாரோ அப்படி வரைங்கம்மா. மூடியிருந்தா மூடியிருக்கட்டும்" என்றார்.

மூடிய கண் உடனே வந்துவிட்டது. ஒரு கண்ணுக்கு ஒரே கோடு. இமையோரச் சுருக்கம், இடது பக்கம் வளைந்து நிற்கும் அந்த நாலு முடி, எல்லாம் தானாக வந்தது. ரப்பரைத் தேடவில்லை. நாற்பத்தாறு வருஷம் தினம் ராத்திரி எனக்கு முன்னால் தூங்கிப்போனவர். ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் வேறு. அந்தக் கண் எனக்கு மனப்பாடம். பல் டாக்டர் பார்த்துவிட்டு, "நல்லாத் தூங்குறாரும்மா" என்றார். "ஆமாம், அவருக்குத் தூக்கத்துக்கு மட்டும் குறைவே இல்லை" என்றேன்.

திறந்த கண் எனக்கு ஏன் தெரியவில்லை என்று ஒரு வாரம் யோசித்தேன். அவர் பேசும்போது நான் காலரைப் பார்ப்பேன். மீசையில் பருக்கை ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். எந்த வார்த்தையைத் தப்பாக உச்சரிக்கப் போகிறார் என்று வாயைப் பார்ப்பேன். கண்ணில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. அதனால் அங்கே பார்க்கவில்லை.

இன்னொன்று. உன்னிடம் சொல்ல வேண்டியது இதுதான், மற்றதெல்லாம் இதற்கு வந்து சேர எனக்குத் தேவைப்பட்ட நேரம். பதினேழு போட்டோவிலும் அவர் கண் மூடியதற்கு நான்தான் காரணம். போட்டோக்காரர் தயார் என்று சொன்ன அடுத்த நொடி, பக்கத்தில் நின்றுகொண்டு, "கண்ண மூடாதீங்க" என்பேன். அதில் பதறி மூடிவிடுவார். அடையாள அட்டைக்குக்கூட, காலர் பட்டன் போட வேண்டும் என்று கூடப் போய், காமிராவுக்குப் பின்னால் நின்று சொன்னேன். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் சாயங்காலம் நீ மருந்து வாங்கக் கீழே போயிருந்தாய். அவர் என்னைப் பார்த்தார். கண் முழுசாகத் திறந்திருந்தது. நான் பேசாமல் அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். "கண்ண மூடாதீங்க" என்றேன். எனக்கு வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை. அவர் வழக்கம்போல மூடிவிட்டார்.

இந்தப் பக்கத்தில் மை பரவியிருப்பது தண்ணீர்க் குவளை சாய்ந்ததால்.

போன சனிக்கிழமை, தாளைப் பார்க்காமல், கையை எடுக்காமல் வரைய வேண்டும் என்றார் வாத்தியார். என்னையும் அறியாமல் கை ஓடிற்று. நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தால் இரண்டு கண், திறந்த கண். அந்த மேல் இமை அவருடையது. ஓரத்தில் கீழே இறங்குகிற அந்த மடிப்பு அவருடையது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். பல் டாக்டர் எட்டிப் பார்த்து, "யாரும்மா இது, இவ்வளவு கோபமா முறைக்கிறாங்க?" என்றார். அப்போதுதான் தெரிந்தது. அது நீ. ஆணியைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாயே, அந்த நீ. உனக்கும் அவருக்கும் ஒரே கண் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது. நீ வரும்போதெல்லாம் பாத்திரத்தில் எங்கே சோப்பு விட்டுவைத்தாய் என்றுதான் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவுதான் விளக்கம். இதற்காக நீ மெனக்கெட்டு வர வேண்டியதில்லை. படத்தைப் பழைய போர்வையில் சுற்றி நாளைக்குப் பார்சலில் அனுப்புகிறேன். நீ கொடுத்தது, உன் வீட்டிலேயே இருக்கட்டும். ஆணியைப் பிடுங்கிச் சுவரைப் பூசிவிடுவேன். ஓவிய வகுப்பையும் நிறுத்திவிட்டேன், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. பதில் எதிர்பார்க்கவில்லை.

மூத்தவள் என்ற முறையில் நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணி

பி.கு.: பார்சல் போகாது. ஆணியும் அங்கேயேதான் இருக்கிறது. வகுப்பை நிறுத்தியதாக எழுதியது பொய். எனக்கும் பொய் சொல்ல வரவில்லை. வரும் சனிக்கிழமை ஒருவரை எதிரில் உட்காரவைத்து வரைகிற பாடம். வேண்டியவர் யாரையாவது கூட்டிவரலாம் என்றார் வாத்தியார். படியில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது. நீ பேச வேண்டாம், நானும் பேசமாட்டேன். ஆனால் கோபத்தைக் கீழே சைக்கிள் கடையிலேயே விட்டுவிட்டு வா, உன் அண்ணன் கண்ணில் அது இருந்ததில்லை. இரண்டு மணி நேரம் கோபமில்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றால் ஒரு மணி நேரம் போதும். இந்த வாரம் ஒரு கண், அடுத்த வாரம் இன்னொன்று என்று வரைந்துகொள்கிறேன்.