பூனைக்கஞ்சாப் புயலும் பதுங்கன் ரத்தமும்

எலி பூனையைக் கண்டால் ஓடும் என்றொரு கருத்து மக்களிடையே பரவிக் கிடக்கிறது. இது பிழை. இந்தப் பிழையால் எத்தனை தலைமுறைகள் தவறான எலியை மனத்தில் சுமந்து வாழ்ந்து மடிந்தன என்று நினைக்கும்போது பேனா கனக்கிறது. சரியான கூற்று இதுதான்: எலி, தனக்கு டாக்ஸோபிளாஸ்மா தொற்று இல்லாதபட்சத்தில், பூனையைக் கண்டால் ஓடும். தொற்று இருந்தால் நின்று நலம் விசாரிக்கும்.

டாக்ஸோபிளாஸ்மா என்பது கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி. பூனையின் குடலில்தான் அது குடும்பம் நடத்தும். பூனை கழித்த மண் வழியாக எலிக்குள் போகும். போனதும் எலிக்குப் பூனைமேல் இருக்கும் பயத்தைக் கழற்றிவிடும். பயம் கழன்ற எலி பூனையின் வயிற்றுக்குப் போய்ச் சேரும். ஒட்டுண்ணி இப்படித்தான் சொந்த ஊர் திரும்புகிறது. பயணச்செலவு எலியுடையது.

இனிமேல் கதை. ஒரு காட்டில், சரியாகச் சொன்னால் காடு முடிந்து பட்டா நிலம் தொடங்கும் விளிம்பில் (ஆனால் பட்டா நில விளிம்பில் தொடங்கும் நீதிக்கதையை யாரும் மதிப்பதில்லை), ஒரு ரத்த வங்கி இருந்தது. அதை நடத்தியவர் டாக்டர் வெருகம்மாள். வெருகு என்றால் காட்டுப்பூனை. அகராதி பார்க்கும் பழக்கமுள்ளவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்கள் எப்படியும் கேட்கப்போவதில்லை. ரத்தத்தில் முன் அனுபவம் உள்ளவர் என்பதால் அவருக்கு அந்தப் பதவி கிடைத்திருந்தது. பணி நேரத்தில் அவர் சைவம்.

பூனை ஊசி போடும் இடத்துக்கு எந்த எலி வரும்? வந்தன. சிரித்துக்கொண்டே வந்தன. ஜூஸையும் பிஸ்கட்டையும் வாங்கிக்கொண்டு டாக்டரின் மேஜையிலேயே சாய்ந்து நின்று ஊர்க்கதை பேசின. அவற்றின் தலைவன் மீசைமுத்து, எலிக் குருதிக்கொடைச் சங்கத்தை நிறுவியவன். வாசலில் அவனுக்கு ஃபிளெக்ஸ் பேனர் வைத்திருந்தார்கள். கறுப்புக்கண்ணாடி போட்ட படத்தின் கீழே 'பூனைக்கஞ்சாப் புயல்' என்று பட்டம். பூனைக்கு, அஞ்சா என்று பிரித்துப் படிக்க வேண்டும். வேறு இடத்தில் பிரித்துப் படித்த காட்டுக் காவலர் இருவர் ஒருமுறை வந்து பேனரையே மோந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சந்தியிலக்கணம் தெரியாததால் வரும் கேடுகளுக்கு இது ஒரு சிறு எடுத்துக்காட்டு.

சங்கத்தில் சேராத எலிகளும் இருந்தன. அவற்றில் பதுங்கனும் அவன் மனைவி தினைச்செல்வியும் கடலையைக் கழுவித் தின்பவர்கள். "கழுவல் கோஷ்டி வருது, வழி விடுங்கப்பா" என்று மற்ற எலிகள் கேலி பேசும். பதுங்கன் அடுத்த கடலையைக் கழுவப் போய்விடுவான். காய்ந்த இலை சரசரத்தாலே அவன் பொந்துக்குள் இருப்பான்.

ஒருநாள், பிரசவத்துக்கு நாள் நெருங்கியிருந்த தினைச்செல்வி வேலிக்கம்பியில் காலைக் கிழித்துக்கொண்டாள். ஏகப்பட்ட ரத்தம் போய்விட்டது. பக்கத்துப் பொந்து எலிகள் அவளை ரத்த வங்கிக்குத் தூக்கி வந்தன. பதுங்கன் வாசல்வரை வந்து கதவுக்கு வெளியே நின்றுகொண்டான்.

"எடுத்துக்குங்க டாக்டரம்மா!" என்று மீசைமுத்து கையை நீட்டினான். "நம்ம சங்கம் மொத்தமும் வெளிய நிக்குது."

டாக்டர் சோதித்தார். மீசைமுத்து பாசிட்டிவ். அடுத்தவன் பாசிட்டிவ். அதற்கடுத்தவனும் பாசிட்டிவ். ஒவ்வொரு முறையும் சங்கம் கைதட்டியது.

"கை தட்டாதீங்க" என்றார் டாக்டர். "பாசிட்டிவ்னா கிருமி."

"நல்ல மனசுன்னுல்ல நினைச்சோம்?"

"கிருமி. எப்பவோ மண்ணோட உள்ள போயிருக்கு."

கிருமி ஒருகாலத்தில் வந்ததற்கான தடயத்தைத்தான் இந்தச் சோதனை காட்டும், இன்றைக்கு ரத்தத்தில் ஓடுகிறதா என்பது வேறு கேள்வி என்பதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். ஒரு தாய் உயிருக்குப் போராடும்போது இதைக் குறிப்பிடுவது நாகரிகமா என்று கேட்டால், இல்லை.

"வேற யாருக்காச்சும்னா யோசிச்சிருக்க மாட்டேன்" என்றார் டாக்டர். "வயித்துல குட்டியோட இருக்கா. கிருமி குட்டிங்களுக்குப் போச்சுன்னா பாவம். நான் துணிய மாட்டேன்."

"அப்ப இந்தக் காட்டுல அத்தனை எலிக்கும் இது இருக்கா?"

"அது எப்படிச் சொல்றது? இல்லாத எலி என்னைப் பார்க்க வந்தாத்தானே எண்ண முடியும்?"

மீசைமுத்து வாசலில் இருந்த தன் பேனரைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகம் மெல்ல மாறியது. "அப்ப எங்க வீரம்?"

டாக்டர் தன் பாதத்தை நக்கிக்கொண்டார். மண்ணுக்குள் கிருமி எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டுவிட்டால் தர்மசங்கடம்.

எல்லாக் கண்களும் கதவுப் பக்கம் திரும்பின. கதவிடுக்கில் இரண்டு மீசைமுடிகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"அவன் கழுவித் திங்கிறவன்!" என்று கத்தினான் மீசைமுத்து. "டேய் பதுங்கா, உள்ள வாடா!"

"வர்றேன்ணே. அவங்களை வெளிய போகச் சொல்லுங்க."

"அவங்கதாண்டா டாக்டர்!"

டாக்டர் முகக்கவசம் போட்டுக்கொண்டார். கண்கள் மட்டும் தெரிந்தன; அது இன்னும் மோசம். குரலைத் தணித்து, "வாப்பா, ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றார். எலிகளின் வரலாற்றில் அந்த வாக்கியத்தைக் கேட்ட பிறகு உயிரோடிருந்தவர்கள் குறைவு. பதுங்கன் வேலிவரை ஓடிவிட்டுத் திரும்பி வந்தான்.

"ஒரு யோசனை" என்றான் மீசைமுத்து. "நாலு கடலையை மண்ணோட தின்னக் குடுங்க. பயம் போயிடும், தானா வருவான்."

"பயம் போனா ரத்தமும் போச்சு" என்றார் டாக்டர். "எனக்கு அவன் பயந்த ரத்தம்தான் வேணும்."

உள்ளேயிருந்து தினைச்செல்வியின் முனகல் கேட்டது. சற்று நேரத்தில் அதுவும் நின்றது.

பதுங்கன் வாலை முன்னே விட்டு, முதுகு காட்டி, பின்பக்கமாகவே நடந்து உள்ளே வந்தான். கண்களை இறுக மூடியிருந்தான். "எவ்வளவு வேணுமோ எடுங்க. என்கிட்ட மட்டும் பேசாதீங்க. மூச்சு விட்டாக்கூட அந்தப் பக்கம் திரும்பி விடுங்க."

இந்த இடத்தில் அன்பு அச்சத்தை வென்றது என்று எழுத எல்லா ஏற்பாடுகளும் செய்திருந்தேன். ஆனால் பதுங்கன் நாற்காலி எங்கே என்று பார்க்கத் திரும்பி ஒரு கண்ணைத் திறந்தான். மூக்குக்கு நேரே டாக்டரின் மூக்கு இருந்தது. 'அம்மா' என்றுகூடச் சொல்லவில்லை, அப்படியே மல்லாந்தான்.

"தூக்கிப் படுக்க வைங்க, சீக்கிரம்!" என்றார் டாக்டர். "எந்திரிக்கிறதுக்குள்ள எடுத்துடணும்."

சோதித்தார்கள். நெகட்டிவ். சங்கம் தலைகுனிந்து நின்றது. ரத்தம் பதுங்கனிடமிருந்து தினைச்செல்விக்குப் போனது. பொழுது சாய்வதற்குள் அவள் கண் விழித்தாள். பக்கத்துப் படுக்கையைப் பார்த்தாள்.

"ஏங்க, எனக்குத்தானே உடம்பு சரியில்ல? நீங்க எதுக்குப் படுத்திருக்கீங்க?"

பதுங்கன் கண் திறந்தான். மனைவிக்குப் பின்னால் டாக்டர் புன்னகை செய்துகொண்டிருந்தார். அவன் மறுபடியும் மயங்கினான்.

குட்டிகள் பத்திரமாகப் பிறந்தன. பூனை என்ற சொல்லைக் கேட்டாலே எல்லாம் சேர்ந்து அலறின. "நல்ல ஆரோக்கியம்" என்றார் டாக்டர்.

நீதி: துணிந்தவன் கொடுப்பதைச் சோதித்து வாங்கு, நடுங்குகிறவனை மயக்கம் தெளியுமுன் பயன்படுத்திக்கொள்.

அடுத்த ரத்ததான முகாமிலிருந்து டாக்டருக்கு உதவியாக, மயக்கமருந்து நிபுணர் பதவியில், ஒரு சாரைப்பாம்பை நியமித்தார்கள்.