நம்ம வீட்டு பாத்ரூம்

“நம்ம வீட்டு பாத்ரூம் எங்க இருக்கு?” என்று லிஃப்ட் மெக்கானிக் மறுபடியும் கேட்டார்.

பையன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினான். “அங்க. பஸ்ல போகணும்.”

“அது அந்த வீடுடா. இன்னைக்கு இதுதான் நம்ம வீடு. பெட்ரூமுக்குப் பக்கத்துக் கதவு. தொறந்தா பாத்ரூம். எங்க, சொல்லு.”

“இது பெரியம்மா வீடு.”

“டீச்சர் வந்துட்டுப் போற வரைக்கும் நம்ம வீடு.”

“அப்ப பெரியம்மா வீடு எங்க?”

இந்த வயதில் இவ்வளவு குறுக்குக் கேள்வி கேட்கிறவனை எந்தப் பள்ளியும் ஓடிவந்து சேர்த்துக்கொள்ள வேண்டும். மெக்கானிக் ஆசைப்பட்ட பெரிய பள்ளியில் அந்தக் கதை நடக்காது. பிள்ளை நடந்து வருகிற தூரத்தில் வீடு இருக்க வேண்டும். இருக்கிறது என்று சொன்னால் நம்பவும் மாட்டார்கள். ஒரு டீச்சரை அனுப்பி வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள்.

மெக்கானிக்கின் வீடு நகரத்தின் மறுகோடியில் இருந்தது. சகலையின் வீடு பெரிய பள்ளிக்கு நேர் எதிரே, ஏழாவது மாடியில். பால்கனியில் நின்று தும்மினால் பள்ளி மைதானத்தில் கேட்கும். மெக்கானிக்கின் மனைவி அக்கா வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த பால்கனியில் நின்று, வரிசையாகப் போகும் பிள்ளைகளைப் பார்ப்பாள். ஒன்றுகூடச் சிரிக்காது. அதுவே அவளுக்குப் பெரிய மரியாதையாகத் தோன்றும்.

மெக்கானிக்குக்கும் ஆசை இருந்தது. இத்தனை வருடமாகக் கிரீஸ் கையோடு மற்றவர்களை மேலே அனுப்பிக்கொண்டிருக்கிறார். பையனாவது லிஃப்ட் பெட்டிக்குள்ளே நிற்கிற ஆளாக வரட்டும் என்று நினைத்தார்.

சகலை ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட். மழை நேரத்தில் குடை கேட்டாலே, திரும்பி வருமா என்று யோசிக்கிற ஆள். ‘உங்க வீட்ட ஒரு காலைப்பொழுதுக்கு எங்க வீடுன்னு சொல்லிக்கலாமா’ என்று மெக்கானிக் மென்று விழுங்கிக் கேட்டபோது, அவர் முழுசாகக் கேட்டு முடிப்பதற்குள் சகலை சரி என்றுவிட்டார்.

“சொந்தத்துக்குள்ள இதுகூடச் செய்யலன்னா எப்படி, சகலை?”

மெக்கானிக்கின் மனைவி அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெக்கானிக்குக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. இந்த மனுஷனைப் பற்றி முதுகுக்குப் பின்னால் எவ்வளவு பேசியிருக்கிறோம்.

“ஆனா அந்த நேரத்துல நாங்க மூணு பேரும் எங்க போறது? ரோட்லயா நிக்கறது?” என்றார் சகலை. “உங்க வீட்டுச் சாவியக் குடுங்க. கொஞ்ச நேரம் அங்க உக்காந்துட்டு வர்றோம்.”

நியாயமான பேச்சு. சாவி கைமாறியது.

“ஆமா, நீங்க ஏன் உங்க பாப்பாவ இந்த ஸ்கூல்ல சேக்கல? எதிர்லயே இருக்கு” என்று மெக்கானிக் கேட்டார்.

“இங்க சேந்தா அது தூக்கத்துலயும் வாய்ப்பாடு சொல்லும்” என்றாள் அக்கா.

“அப்ப எங்க சேக்கப் போறீங்க?”

“பாத்துக்கிட்டே இருக்கோம்” என்றார் சகலை. அப்போது அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று காலையில் சகலையின் குடும்பம் கிளம்பியபோது பாப்பாவுக்கு இரட்டைச் சடை, புது கவுன், பளபளவென்று ஷூ.

“எங்கடா கண்ணு, இவ்வளவு ஜோரா கிளம்பிட்ட?” என்றார் மெக்கானிக்.

“உங்க வீட்டுக்கு, சித்தப்பா.”

அக்கா பாப்பாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். சகலை ஹாலில் மாட்டியிருந்த தங்கள் குடும்பப் படத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “உங்க கல்யாணப் படத்த இந்த ஆணியில மாட்டிக்குங்க. எங்க படத்த நானே எடுத்துட்டுப் போறேன். இங்க கெடந்து டீச்சர் கண்ணுல பட்டா வம்பு.”

எவ்வளவு முன்யோசனை என்று மெக்கானிக் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

மெச்சி முடிவதற்குள் முதல் சிக்கல் வந்தது. சகலையின் படம் பெரியது; மெக்கானிக்கின் கல்யாணப் படம் சிறியது. பெரிய படம் இருந்த இடத்தில் சுவர் மட்டும் புதுசாக, வெளேரென்று சதுரமாகத் தெரிந்தது. அதன் நடுவில் கல்யாணப் படம் அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கொண்டவன் போலத் தொங்கியது.

“யாரு பாத்தாலும் வேற படம் இருந்த எடம்னு தெரியும்” என்றாள் மனைவி.

“பெட்ரூம் கண்ணாடியக் கொண்டாந்து மாட்டலாம்.”

கண்ணாடி கனத்தது. அதற்குப் பெரிய ஆணி வேண்டும். மெக்கானிக் சுத்தியலை எடுத்து நான்கு அடி அடிப்பதற்குள், வராந்தாக் கடைசி வீட்டு அம்மா வாசலில் வந்து நின்றாள்.

“யாருங்க நீங்க? இந்த வீட்டுக்காரங்க எங்க?”

இந்தக் கேள்விக்கு ஒத்திகை பார்க்கவில்லை. வாயில் வந்த உண்மையைச் சொன்னார். “நான் லிஃப்ட் மெக்கானிக், அம்மா.”

“லிஃப்டுக்கு ஏன் சுவத்துல ஆணி அடிக்கறீங்க?”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு.”

“இருந்தா சரி. எப்ப பாரு வழியில நின்னுபோகுது. பாத்துட்டுத்தான் போகணும்” என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

கண்ணாடியைத் தூக்கிப் பிடித்திருந்த மனைவி பால்கனிப் பக்கம் பார்த்துப் பதறினாள். “ஏங்க, ஒரு அம்மா பையோட ஸ்கூல் கேட்லருந்து வர்றாங்க. டீச்சர்தான். சொன்ன நேரத்துக்கு முன்னாலயே வர்றாங்க. சுவரு இப்படியே கெடக்கு.”

“கொஞ்ச நேரம் கெடச்சா போதும்ல? ஏழு மாடி நடந்து வரட்டும்” என்றார் மெக்கானிக். அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். மொட்டை மாடிக்கு ஓடினார். மோட்டார் அறை திறந்தே இருந்தது. சுவிட்சை இறக்கினார்.

கீழே சுரங்கம் போன்ற இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. “யாராவது இருக்கீங்களா?”

டீச்சர் ஏற்கெனவே லிஃப்டுக்குள் ஏறிவிட்டிருந்தார்.

சுவிட்சை மறுபடி ஏற்றினார். அது பழைய லிஃப்ட். நில் என்றால் நிற்கும், கிளம்பு என்றால் யோசிக்கும். மெக்கானிக் ஏழாவது மாடிக்கு இறங்கி ஓடி, இடுப்பிலிருந்த சாவியால் லிஃப்டின் வெளிக்கதவைத் திறந்தார். பெட்டி அந்த மாடிக்குப் பாதி ஏறி நின்றிருந்தது. உள்ளே டீச்சர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். கை கொடுத்து மேலே தூக்கினார். டீச்சரின் சேலைத் தலைப்பிலும் இரண்டு கையிலும் கிரீஸ்.

“நல்ல வேளை, உடனே வந்தீங்க. நீங்க மெக்கானிக்கா?”

“ஆமாங்க, டீச்சர்.”

“நான் டீச்சர்னு எப்படித் தெரியும்?”

மெக்கானிக் வீட்டுக் கதவைக் காட்டினார். “நான்தான் பையனோட அப்பா. இதுதான் எங்க வீடு. வாங்க.”

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “வேலையும் இங்கயே, வீடும் இங்கயேயா? கொடுத்து வச்சவர்.”

உள்ளே கண்ணாடி எப்படியோ சுவரில் ஏறியிருந்தது. கொஞ்சம் சாய்ந்திருந்ததால், சோபாவில் உட்கார்ந்த டீச்சருக்கு அதில் தன் முகம் தெரியவில்லை. பீரோவுக்குப் பின்னால் செருகியிருந்த பாப்பாவின் இளஞ்சிவப்புக் குட்டி சைக்கிள்தான் தெரிந்தது.

“பையனுக்குப் பிடிச்ச கலர்” என்றார் மெக்கானிக்.

“எனக்குப் பிடிக்காது” என்றான் பையன்.

“டீ போட்டுக் கொண்டா” என்று மெக்கானிக் மனைவியிடம் சொன்னார். பேச்சை மாற்றச் சொன்னது, அதுவும் வினையானது. சமையலறையில் ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. முதல் கதவில் செருப்பு பாலிஷ், இரண்டாவதில் பழைய பேப்பர். சர்க்கரை எங்கேயும் இல்லை. மனைவி எட்டிப் பார்த்து ஜாடை காட்டினாள். மெக்கானிக் எழுந்து சமையலறைக்குப் போய் சகலைக்கு போன் போட்டார்.

“சகலை, உங்க வீட்டுச் சர்க்கரை எங்க இருக்கு?”

“ஃபிரிட்ஜுக்கு மேல, பிஸ்கட் டப்பாவுல. எறும்புக்காக. நானே உங்களக் கூப்பிடலாம்னு இருந்தேன்” என்று சகலை கிசுகிசுத்தார். “உங்க வீட்ல எங்க?”

“அடுப்புக்குக் கீழ, நீல மூடி. நீங்க ஏன் மெதுவாப் பேசறீங்க?”

“பாப்பா தூங்குது. நீங்க?”

“டீச்சர் ஹால்ல இருக்காங்க. வச்சுடறேன்.”

டீ வந்தது. டீச்சர் குடித்தார். பையனிடம் பெயர் கேட்டார், சொன்னான். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். “லிஃப்ட நிறுத்துவாரு” என்றான். டீச்சர் சிரித்துவிட்டார். மெக்கானிக்குக்கு நம்பிக்கை வந்தது. மனைவி அவரைப் பார்த்த பார்வையில், சீருடை போட்ட பையன் ஏற்கெனவே எதிர் கேட்டுக்குள் நடந்து போய்க்கொண்டிருந்தான்.

“இந்தக் கிரீஸ கழுவணுமே” என்று டீச்சர் எழுந்தார். “பாத்ரூம் எங்கப்பா இருக்கு? நீயே காட்டு பாக்கலாம்.”

காலை முழுவதும் சொல்லிக்கொடுத்த பாடம். பையன் டீச்சரின் விரலைப் பிடித்துக்கொண்டு கம்பீரமாக நடந்தான். பெட்ரூமைத் தாண்டினான். பக்கத்துக் கதவையும் தாண்டினான். வாசலைத் தாண்டி வராந்தாவுக்குப் போய்விட்டான்.

மெக்கானிக்கின் வீட்டில் பாத்ரூம் வெளியே, வராந்தாக் கடைசியில். பிறந்ததிலிருந்து அவனுக்குத் தெரிந்த பாத்ரூம் அது ஒன்றுதான்.

இந்த வராந்தாவின் கடைசியிலும் ஒரு கதவு இருந்தது. பையன் அதைத் தள்ளினான். திறக்காததால், அவசரத்துக்கு வீட்டில் செய்கிற மாதிரியே இரண்டு கையாலும் தட்டினான். “யாரு உள்ள? சீக்கிரம் வாங்க. டீச்சருக்கு வருது.”

கதவு திறந்தது. கடைசி வீட்டு அம்மா பையனைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்த மெக்கானிக்கைப் பார்த்தாள்.

“மெக்கானிக், லிஃப்ட் மறுபடியும் நின்னுபோச்சு. இது உங்க பையனா? வேலைக்கு வர்ற எடத்துக்குப் பிள்ளையக் கூட்டிட்டு வரலாமா? அந்த வீட்டுக்காரங்க இன்னும் வரலையா?”

பையன் அப்பாவின் சட்டையை இழுத்தான். “நம்ம வீட்டுக்கு எப்பப்பா போவோம்?”

டீச்சர் அந்த அம்மாவின் வீட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு வந்தார். கோபித்துக்கொண்டிருந்தால் மெக்கானிக்குக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கோபிக்கவில்லை.

“இந்த வருஷம் நான் போன வீட்ல பாதி வீட்ல பிள்ளைக்கு பாத்ரூம் தெரியல” என்றார். “நான் அதத்தான் முதல்ல கேப்பேன். உங்க பையன் பரவாயில்ல. ஒருத்தன் பீரோவத் தொறந்து உள்ளயே போயிட்டான்.”

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். மனைவி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“உங்க வீட்டுப் பக்கத்துல ஸ்கூலே இல்லையா?”

“தெருமுனையில ஒண்ணு இருக்குங்க” என்று மெக்கானிக் தன் ஏரியாவையும் அந்தப் பள்ளியின் பேரையும் சொன்னார்.

“நல்லா இல்லையா?”

“தெரியலிங்க, டீச்சர். எப்ப பாத்தாலும் பசங்க சிரிச்சுக்கிட்டே இருக்காங்க. அதான் பயமா இருக்கு.”

டீச்சர் பால்கனி வழியாகத் தன் பள்ளியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அந்த ஸ்கூலா? அங்க என் சிநேகிதி வேலை பாக்கறா. நாளைக்கே போய்க் கேளுங்க. அவங்களும் எங்கள மாதிரிதான், வீட்ட வந்து பாத்துட்டுத்தான் சேப்பாங்க. ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளையத்தான் சேப்பாங்க, அதுல கண்டிப்பா இருப்பாங்க. உங்களுக்கு என்ன, சொந்தமா ஒரு வீடு காட்ட இருக்கே.”

அவர் படியில் இறங்கியே போனார். லிஃப்டைச் சரிசெய்து தருகிறேன் என்று மெக்கானிக் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

மனைவி அழுதாள். அழுது முடித்து, முகம் கழுவப் போய், பாத்ரூம் என்று நினைத்துப் பூஜையறைக் கதவைத் திறந்தாள். அதற்குமேல் அழ முடியவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. நெடுநாள் கழித்து அவள் சிரிப்பதைக் கேட்ட பையனும் காரணம் தெரியாமல் சிரித்தான். அந்தத் தெருமுனைப் பள்ளிப் பிள்ளைகளின் சிரிப்பு கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும் என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது.

சகலையின் குடும்பம் திரும்பி வந்தது. சகலையின் முகத்தில் பெரிய பாலிசி ஒன்றை முடித்த களை. கக்கத்தில் குடும்பப் படம்.

“எப்படிப் போச்சு, சகலை?”

மெக்கானிக் ஒன்றும் மறைக்காமல் சொன்னார். சகலை ‘அடடா’ என்றார். அக்கா தங்கையின் தோளைத் தொட்டாள்.

“பரவாயில்ல, சகலை. நீங்க இவ்வளவு செஞ்சீங்க, அது போதும்” என்றார் மெக்கானிக். “நாளைக்கே எங்க தெருமுனை ஸ்கூல்ல கேக்கப் போறேன்.”

சகலை அவசரமாகச் சுத்தியலை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். “அந்த ஸ்கூலா? அது உங்களுக்கு ஒத்துவராது, சகலை. ரொம்ப விளையாட்டு.”

“விளையாடட்டுமே. பொய் சொல்ல வேண்டாம், ஒத்திகை பாக்க வேண்டாம். அவங்களும் வீட்டுக்கு வந்து பாப்பாங்களாம். தாராளமா வரட்டும். எங்க வீடு, எங்க சர்க்கரை. வராந்தாக் கடைசியில எங்க பாத்ரூம். எம்பையன் கண்ண மூடிக்கிட்டுக் காட்டுவான்.”

சகலை ஆணிக்குப் பதிலாகத் தன் கட்டைவிரலை அடித்துக்கொண்டார்.

பாப்பா ஷூவைக் கழற்றிக்கொண்டே நிமிர்ந்தாள். “அவங்கதான் வந்து பாத்துட்டுப் போயிட்டாங்களே, சித்தப்பா. நம்ம வீட்டு பாத்ரூம் எங்கன்னு கேட்டாங்க, நான் ஒரே தடவையில வராந்தாக் கடைசியக் காட்டிட்டேன்.”