பச்சத்தண்ணித் தம்பி

தேயிலைத் தோட்டத்துக்குள் ஐந்து மாதம் அலைந்தும் ஒரு மிடறு தேத்தண்ணி கூடக் குடிக்காமல் தப்பித்தவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவரை எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பச்சத்தண்ணித் தம்பி என்போம். அவருடைய சொந்தப் பெயர் சட்டைப்பையில் குத்திய கறுப்புப் பெயர்ப்பட்டியில் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல எங்கள் யாருக்கும் நாக்கு வளையவில்லை.

எங்கள் தோட்டம் யட்டியாந்தோட்டையிலிருந்து பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும் மேட்டில் இருக்கிறது. கணவருக்குக் கொழும்பில் கடை வேலை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார். கணவரின் அம்மாவான அத்தை காலையில் கொழுந்து பறிக்கப் போய்விடுவார். கல்யாணத்துக்கு முன் முன்பள்ளி ஆசிரியையாக இருந்த நான், இப்போது ஒன்றரை வயது மகள் கவிஷாவுக்குக் காவல். காவல் என்பது மிகையில்லை. பிள்ளை இருமினால் நிமோனியாவோ என்று பயப்படுவேன். இருமாவிட்டால் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன்.

அப்படிப்பட்டவள் தனியாக இருந்த ஒரு காலையில்தான் வாசலில் இரண்டு வெளிநாட்டு இளைஞர்கள் வந்து நின்றார்கள். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டி, முழங்கால்வரை சேறு. உயரமானவர் கைகூப்பினார்.

"வணக்கம் அம்மையீர். தங்கள் இல்லத்தில் வயது வந்த ஆண்கள் எவரேனும் இருக்கிறார்களா?"

பட்டப்பகலில் வந்து, வீட்டில் ஆம்பளை இருக்கிறாரா என்று இவ்வளவு மரியாதையாக விசாரிக்கும் திருடனைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை. பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"இருக்காங்க! மூணு பேரு! உள்ள படுத்திருக்காங்க!"

அவர் முகம் மலர்ந்தது. "மிக்க மகிழ்ச்சி! அப்படியானால் நாங்கள் உள்ளே வரலாமா?"

"ஐயோ இல்ல, இல்ல! ஒருத்தரும் இல்ல!"

அவ்வளவுதான். இருவரும் சேர்ந்தாற்போல் நான்கு அடி பின்னால் போய், மழைத்தண்ணி ஓடும் கானுக்குள்ளேயே இறங்கி நின்றார்கள். "மன்னிக்கவும். ஆண்கள் இல்லாவிட்டால் நாங்கள் நுழைவது தவறு."

அதற்குள் பக்கத்துக் காம்பரா வீட்டுச் செல்வி அக்கா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு வந்துவிட்டார். முதலில் சிங்களத்தில் ஒரு அதட்டல்: "மொகத ஓனே?" பிறகு தமிழில் இன்னொன்று: "யாரு நீங்க, என்ன வேணும்?"

"அன்னையே, நாங்கள் ஒரு நற்செய்தி கொண்டு வந்திருக்கிறோம்."

செல்வி அக்கா கத்தியைத் தாழ்த்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, இவரு என்னா கல்வெட்டுலேருந்து எறங்கி வந்தாரா?"

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. அவர்கள் மோர்மன் என்ற கிறிஸ்தவச் சபையின் ஊழியக்காரர்கள்; இந்த வயதிலேயே அவர்களுக்கு 'மூப்பர்' என்றுதான் பட்டமாம். உயரமானவர்தான் பிற்பாடு எங்கள் பச்சத்தண்ணித் தம்பி ஆனவர், வயது பத்தொன்பது. அமெரிக்காவில் உருளைக்கிழங்கு போடும் விவசாயக் குடும்பம். தமிழைப் புத்தகத்தில் படித்தாராம். கூட வந்தவர் பிலிப்பைன்ஸ்காரர். அவருக்குத் தமிழ் குறைவு, சிரிப்பு அதிகம். இரண்டு வருடம் வீட்டை விட்டு வந்து, எப்போதும் இருவராகவே திரிந்து, கதவு கதவாகத் தட்டிச் சேதி சொல்ல வேண்டும். ஒருவர் கழிப்பறைக்குப் போனால் மற்றவர் வெளியே காவல் நிற்பார். பெண் தனியாக இருக்கும் வீட்டுக்குள் நுழையக் கூடாது. பிள்ளைகளைத் தூக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தேயிலை குடிக்கக் கூடாது.

"பேர்ப்பட்டியில மூப்பர்னு போட்டிருக்காமே," என்றார் செல்வி அக்கா. "மீசையே இன்னும் ஒழுங்கா மொளைக்கல!"

தேத்தண்ணி விஷயத்தில் பெரிய சண்டையே வந்தது. மறுமுறை அவர்கள் வந்தபோது அத்தை வீட்டில் இருந்தார். சீனி போட்டு, இஞ்சி தட்டி, வீட்டிலேயே நல்ல கோப்பையில் தேத்தண்ணி நீட்டினார். தம்பி இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்து, "நன்றி அம்மா, நான் தேநீர் அருந்துவதில்லை," என்றார்.

அத்தையின் முகம் இறுகிவிட்டது. லயத்துக் கோப்பையில் வாய் வைக்காமல் நழுவிய துரைமார்களையும் கிளார்க்மார்களையும் அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

"இந்தக் கையால பறிச்ச கொழுந்துதானுங்க. எங்க வீட்டுக் கோப்பையில குடிச்சா கொறஞ்சிருவீங்களா?"

தம்பிக்கு வார்த்தைகள் முழுதாகப் புரிந்ததோ என்னவோ, காயம் புரிந்துவிட்டது. அந்தத் தேத்தண்ணியை இரு கையாலும் வாங்கி என் கையில் மரியாதையாகக் கொடுத்தார். பிறகு சொன்னார்: "அம்மா, இதே போன்ற உங்கள் கோப்பையில் எனக்குப் பச்சைத் தண்ணீர் தாருங்கள்." அத்தை கொடுத்தார். ஒரே மூச்சில் குடித்தார். இன்னொன்று கேட்டார். மூன்றாவதையும் குடித்துவிட்டு ஏப்பம் விட்டார். அத்தை சிரித்துவிட்டார்.

அந்தச் சேதி லயம் முழுக்கப் பரவியது. அதன்பின் அவர் எந்த வாசலில் நின்றாலும் ஒரு கோப்பைத் தண்ணீர் தயாராக வந்தது. மறுத்தால் மனம் நோகும் என்று அவரும் குடித்தார். பதினோராவது வீட்டில் சேதியைத் தொடங்கியவர், "நான் சொல்ல வந்தது என்னவென்றால்... கழிப்பறை எங்கே இருக்கிறது?" என்று முடித்தார். பிலிப்பைன்ஸ்காரர் பின்னாலேயே காவலுக்கு ஓடினார்.

அவருடைய ஆசை ஒன்றே ஒன்றுதான். அதை வாசலில் நின்று என்னிடமே சொன்னார். "இந்தத் தோட்டத்தில் ஒரே ஒருவராவது நான் சொல்வதை இறுதிவரை கேட்க வேண்டும். ஏற்றுக்கொள்ள வேண்டாம். கேட்டால் போதும்."

கேட்கத்தான் ஆள் அகப்படவில்லை. தொடங்கினால் குக்கர் கூவும், இல்லாவிட்டால் ஆடு கயிற்றை அறுக்கும், இரண்டும் நடக்காவிட்டால் எங்கள் சப்ரகமுவ மாகாணத்து மழை தகரத்தில் கொட்டி வாயை அடைக்கும். என் கணவர் ஒரு முழுநிலாப் போயா விடுமுறையில் உட்கார்ந்து கேட்டார். மூன்றாவது நிமிடத்தில் குறட்டை விட்டார். தம்பி கோபப்படவில்லை. அவரை எழுப்பிவிடக்கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டே போய், கடைசியில் உதட்டை மட்டும் அசைத்தார். அட்டை கடித்து காலுறை சிவந்த நாளிலும் துள்ளிக்கொண்டுதான் வருவார். "அக்கா, இன்று மேல் லயத்தில் ஒருவர் நான்கு நிமிடம் கேட்டார்! நான்கு!"

எனக்குத்தான் குற்ற உணர்ச்சி. கேட்டால் நம்பிக்கை கொடுத்ததாகுமோ? கேட்காவிட்டால் யாரோ பெற்ற பிள்ளையை நோகடித்ததாகுமோ? இதை யோசித்து யோசித்தே பருப்பை இரண்டு முறை கருக விட்டேன்.

பிறகு அந்த மழை வந்தது. மூன்று நாள் விடாமல் அடித்து, மேலே மலையில் மண் வெடித்துவிட்டது, சரியலாம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கீழ் லயத்தார் எல்லோரும் உடனே பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். அத்தைக்கு முந்தின நாள்தான் கால் பிசகியிருந்தது. கணவர் கொழும்பில். செல்வி அக்கா தன் பிள்ளைகளோடு முன்னால் போய்விட்டார். படிக்கட்டில் தண்ணீர் அருவியாக இறங்கியது. அத்தையைத் தாங்கினால் பிள்ளையைத் தூக்க முடியாது. பிள்ளையைத் தூக்கினால் அத்தையை விட வேண்டும்.

அப்போதுதான் இருவரும் மூச்சிரைக்க ஓடிவந்தார்கள். என் பிள்ளையைச் சொந்தத் தம்பியிடம்கூடக் கொடுத்ததில்லை நான். அன்று நீட்டினேன்.

"தம்பி, இவளைப் புடிங்க!"

அவர் கை பாதிவழி வந்து நின்றது. பிள்ளைகளைத் தூக்கக் கூடாதே! இரண்டே விநாடிதான். சுவரில் தொங்கிய அத்தையின் கொழுந்துக் கூடை அவர் கண்ணில் பட்டது. பாய்ந்து எடுத்தார். "அக்கா, இதற்குள் வையுங்கள்! நான் கூடையைத்தான் தூக்குகிறேன்!"

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. போர்வையை விரித்து மகளை உள்ளே உட்கார வைத்தேன். கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு அவர் நடந்தார். எங்கள் பெண்கள் நாள் முழுக்கச் சுமக்கும் விதம். அவருக்குப் பத்து அடியிலேயே கழுத்து கோணியது. நானும் பிலிப்பைன்ஸ்காரரும் அத்தையை இருபுறமும் தாங்கிப் பின்னால் போனோம். ஒவ்வொரு படியிலும் நான் அலறினேன்.

"மெதுவா தம்பி! வழுக்கும்! அவ இருக்காளா? சத்தத்தைக் காணமே!"

"இருக்கிறார் அக்கா! என் காதைக் கடிக்கிறார்!"

வலியால் அத்தை முனகினாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "பாத்து நடங்க தம்பி. ஒங்க பேருக்குத்தான் இன்னிக்குக் கொழுந்து எடை போடுவாங்க!"

பள்ளிக்கூடத்தில் நாற்பது குடும்பங்கள். மழை நிற்கும்வரை வெளியே போக வழியில்லை, செய்வதற்கு வேலையும் இல்லை. எனக்குள் ஒரு பரபரப்பு. ஐந்து மாதம் தேடியது மொத்தமாக வந்து உட்கார்ந்திருக்கிறதே! அவரிடம் போனேன்.

"தம்பி, இப்ப சொல்லுங்க. எல்லாரும் இருக்காங்க. ஆம்பளைங்களும் நெறைய இருக்காங்க. ஒருத்தரும் எந்திரிச்சுப் போக மாட்டாங்க."

அவர் மண்டபத்தைப் பார்த்தார். ஆசை கண்ணில் தெரிந்தது. பிறகு தலையை ஆட்டினார்.

"அதனால்தான் கூடாது அக்கா. எழுந்து போக முடிந்தவர்களிடம்தான் சொல்ல வேண்டும்."

சொல்லிவிட்டு, பொதுச் சமையலுக்கு வெங்காயம் உரிக்கப் போனார். நாங்கள் அங்கே தங்கிய மூன்று நாளும் உரித்தார். கண்ணீர் தாரையாக வழிய அவர் இருந்த கோலத்தைப் பார்த்து, அம்மாவை நினைத்து அழுகிறார் என்று செல்வி அக்கா தலையைத் தடவிக் கொடுத்தார். பாதி உண்மையாகவும் இருக்கலாம்.

மலை எங்களை விட்டுவைத்தது. எங்கள் அடுப்படிக் குசினிச் சுவர் மட்டும் சரிந்தது. அதைக் கட்டக் கணவர் விடுமுறையில் வந்திருந்தபோது தம்பி வேறொரு சேதி சொன்னார். நாளை மறுநாள் வேறு ஊருக்கு மாற்றமாம்.

"நாளைக்கு ரெண்டு பேரும் சாப்பிட வாங்க," என்றேன். "வந்து, ஒங்க சேதியை முழுசா சொல்லுங்க."

சொன்ன நிமிடத்திலிருந்து எனக்குப் பயம். கோயிலுக்கு நேர்த்திக்கடன் வைத்தவள் இதைக் கேட்கலாமா? அத்தையிடம் கேட்டேன். "கேட்டா காது என்னா தேஞ்சா போகும்? அந்தப் புள்ள ஓஞ்சு போயிருச்சு. கேளு," என்றார்.

சோறு, பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், கருவாடு. சாப்பிட்டதும் கணவரை முதுகு சாய இடமில்லாத ஸ்டூலில் உட்கார வைத்தேன். தொலைபேசிகளை அணைத்தேன். பிள்ளையைச் செல்வி அக்கா தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, வந்தவர்களையெல்லாம் விரட்டினார். தம்பி தொடங்கினார். ஐந்தாவது நிமிடத்தைத் தாண்டியதும் நம்பமுடியாமல் எங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குரல் திறந்துவிட்டது. நாங்கள் கேட்டோம். கடைசிச் சொல்வரை கேட்டோம்.

முடித்துவிட்டு, இதை ஏற்று ஞானஸ்நானம் பெற விருப்பமா என்று கேட்டார். அப்படிக் கேட்பதும் அவர் கடமை. கணவர் என்னைப் பார்த்தார், நானே சொன்னேன்.

"இல்லைங்க தம்பி. நாங்க கோயில் கும்புடுறவங்க. அதை விட மாட்டோம்."

அவர் மெல்லத் தலையசைத்தார். பிறகு முகம் முழுக்கச் சிரிப்பு. புத்தகத் தமிழ் எங்கோ போய்விட்டது.

"பரவால்லக்கா. கடைசி வரைக்கும் கேட்டுட்டீங்களே!"

இருவரும் பஸ்ஸைப் பிடிக்க இறங்கிப் போனார்கள். நான் சொன்ன பதில் சரிதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதைச் சொல்வதற்கு முன் அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டிருக்கலாமோ என்றுதான் இன்றுவரை யோசிக்கிறேன்.