விடுதி சொல்லும் வித்தகர்

அன்பர்களே, உங்கள் வீட்டில் பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறதா? அறைக் கதவைப் படாரென்று சாத்துகிறதா? கவலை வேண்டாம். உங்களுக்காகவே ஒருவர் அவதரித்திருக்கிறார். அவர் டாக்டர் அல்ல, வாத்தியார் அல்ல; அடங்காத பிள்ளைகளைத் திருத்துகிற விடுதிகளுக்கு ஆள் அனுப்பிவைக்கும் ஆலோசகர். ஆலோசனை இலவசம். விடுதிக்காரர்கள் தலைக்கு இவ்வளவு என்று தருவதை அவர் ஊக்கத்தொகை என்பார். அதையெல்லாம் கிளறுவது நாகரிகமில்லை.

மாடியில் குளுகுளு அறை. சுவரெல்லாம் புல்வெளியில் சிரிக்கும் பிள்ளைகளின் படங்கள். பெண் படிக்கவில்லையா, விழுந்து விழுந்து படிக்கிறாளா, பேசுவதில்லையா, எதிர்த்துப் பேசுகிறாளா, சாப்பாட்டைக் குறைத்துவிட்டாளா, செல்போனும் கையுமாகவே இருக்கிறாளா, நீங்கள் எதைச் சொன்னாலும் கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டு, "நல்ல வேளை, இப்பவாவது வந்தீங்களே!" என்று சொல்லி, மேஜை மேலிருக்கும் டிஷ்யூ பெட்டியை அம்மா பக்கம் நகர்த்துவார். அழாத அம்மாவும் அதைப் பார்த்து அழுதுவிடுவாள்.

அன்று வந்த அம்மாவும் அழுதாள். மகள் மூன்று மாதமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. ஏனென்று கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அப்பாவோ பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கே கையெழுத்துப் போடுவது என்று தேடிக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க அந்த இடத்தை நேர்ல பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டாள் அம்மா.

"அவங்களோட தினம் பேசிட்டுத்தானேம்மா இருக்கேன்! தனியா போய் வேற பார்க்கணுமா?" என்று சிரித்தார் வித்தகர். "ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. முதல்ல கொஞ்ச நாளைக்குப் போன் கிடையாது. அப்புறம் பேசும்போது பொண்ணு அழும். அடிக்கிறாங்க, பட்டினி போடறாங்க, இருட்டு ரூம்ல அடைக்கிறாங்கன்னு சொல்லும். நம்பிடாதீங்க. எத்தனை வருஷமா பார்க்கறேன், எல்லாப் பிள்ளைங்களும் அச்சு அசலா இதே பொய்யைத்தான் சொல்லுதுங்க."

அப்பா தலையாட்டினார். அம்மா ஆட்டவில்லை.

"ஒருத்தரை ஒருத்தர் பார்த்தே இருக்காத பிள்ளைங்க, வருஷா வருஷம் வேற வேற பிள்ளைங்க, அத்தனை பேரும் இதையே சொல்றாங்கன்னா, அது எப்படி சார் பொய்யாகும்?"

எத்தனையோ அம்மாக்களைப் பார்த்தவர் வித்தகர். டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

"அவருக்குத் தெரியாததா? நீ சும்மா இரு" என்று அதட்டினார் அப்பா.

அம்மா அவர் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி மூடினாள். "எம்பொண்ணு பொய் சொல்றதா இருந்தா, எம்பக்கத்துல இருந்துக்கிட்டே சொல்லட்டும். எந்திரிங்க, போகலாம்."

எனக்கு அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும் போலிருந்தது. ஆனால் அவர்கள் இறங்கிய படியிலேயே இன்னொரு தம்பதி ஏறிக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஆசாமியை நினைத்து நீங்கள் பல்லைக் கடிப்பது தெரிகிறது. கடியுங்கள். ஆனால் அவர் தெருவில் நின்று ஆள் பிடிப்பவர் அல்ல. படியேறி வந்தவர்களுக்கு அவருடைய போன் நம்பரைக் கொடுத்தவர், ஆபீசில் பக்கத்து நாற்காலிக்காரர். "நல்ல இடமாம், கேள்விப்பட்டேன்" என்று அக்கறையோடுதான் கொடுத்தார். நீங்களும் யாருக்காவது அப்படிக் கொடுத்திருப்பீர்கள். நல்ல மனசுதான், யார் இல்லை என்றார்கள்?

அது சரி, நீங்கள் நம்பர் கொடுத்தீர்களே, அந்த வீட்டுப் பிள்ளை இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தீர்களா?