இடப்பக்கம் போன சாம்பார் வாளி

சாம்பார் வாளிக்குப் போக்குவரத்து விதி வகுத்த மனிதர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். தம்பானூரில் மெஸ் நடத்திய ‘போர்ட் ஒயின்’ அண்ணாச்சி. தொண்ணூறுகளில் அங்கே வேலை பார்த்த எங்களைப் போன்ற தனிக்கட்டைகளுக்கு அவர் மெஸ்தான் கதி.

நாகர்கோவில்காரர். கப்பலில் அதிகாரிகளின் சாப்பாட்டு அறையில் பரிமாறியவர். அங்கே போர்ட் ஒயின் குப்பி மேசையைச் சுற்றி இடப்பக்கமாகத்தான் கைமாறுமாம். ஒரு சுற்று முடியும்வரை கீழே வைக்கவும் கூடாதாம். அந்தச் சட்டத்தை அப்படியே எங்கள் சாம்பார் வாளிக்கும் போட்டுவிட்டார் மனுஷன்!

“ஓய், எடத்துப் பக்கமா தள்ளும்!”

“இது மெஸ் அண்ணாச்சி, கப்பல் இல்ல.”

“பின்ன? பசி ரெண்டுலயும் ஒண்ணுதானே!”

ரசத்தை ஒரே மூச்சில் குடித்தாலும் வம்புதான். “மொதல்ல மோந்து பாரும். பொறவு ஒரு மடக்கு. அப்படியே நாக்குல நிறுத்தும்.” கொதிக்கிற ரசத்தை நாக்கில் நிறுத்தி நான் கண்ணீர் விட்டால், “ஆங், இப்பதான் ருசி தெரியுது” என்பார்.

போர்ட் ஏன் இனிக்கிறது என்ற பாடம் வாராவாரம் நடக்கும். “திராட்சைச் சாறு பொங்கிட்டு வரும்போதே பிராந்தியை ஊத்தி அடக்கிப்போடுவான். இனிப்பு அப்படியே உள்ள நின்னுரும், கேட்டீரா?” இதைச் சொல்லிச் சொல்லியே எங்களுக்குப் போதை ஏற்றினார். ஒரு சொட்டு கொடுத்ததில்லை.

கொடுக்க அவரிடம் இருந்தது ஒரே ஒரு குப்பி. அது அரிசிப் பெட்டிக்குள் படுத்திருந்தது. தக்கை காயாமலிருக்கப் படுக்கை, சூடும் வெளிச்சமும் படாமலிருக்க அரிசி. மகள் எஸ்தர் பிறந்தபோது இவர் நடுக்கடலில் இருந்தார். பிறகு போர்ச்சுகலில் இறங்கியபோது, அவள் பிறந்த வருடத்துத் திராட்சையில் செய்த குப்பியாகத் தேடி வாங்கி வந்தார். அவள் கல்யாணத்தன்று திறக்க வேண்டும். அதற்காகத்தான் இருபது சொச்சம் வருடக் காவல்.

மாப்பிள்ளை அமைந்தான். தங்கமான பையன். ஆனால் அவன் அப்பா மார்த்தாண்டம் பக்கத்துச் சர்ச்சில் உபதேசியார், மதுவிலக்குப் பிரசங்கி! பெண் பார்க்க மெஸ்ஸுக்கு வந்தவர், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “இந்த வீட்ல குடி உண்டா?” என்றார்.

“தண்ணி மட்டுந்தான்” என்ற அண்ணாச்சி, எங்களை அடுக்களைக்குள் தள்ளிக்கொண்டு போனார். முகம் வெளிறியிருந்தது. “எவனும் வாயத் தெறக்கப்படாது. எம்பிள்ளை கல்யாணம் நடந்தா போதும் ஓய். குப்பிய சங்குமுகம் கடல்ல வீசிருதேன்.” விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது.

அன்றைய பந்தியில் பாயச வாளி வந்தது. உபதேசியார் ஊற்றிக்கொண்டார். பிறகு வாளியைக் கீழே வைக்காமல், சம்பந்தமே இல்லாமல் எதையோ பேசிக்கொண்டே, இடப்பக்கம் இருந்தவரிடம் நீட்டினார். அவர் வாங்கும்வரை பிடியை விடவும் இல்லை.

அண்ணாச்சியின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

“சம்பந்தி... நீங்க கப்பல்ல இருந்தீங்களோ?”

உபதேசியார் பாயசத்தையே பார்த்தார். காது சிவந்துவிட்டது. “அது... நான் ரட்சிக்கப்படுறதுக்கு முன்னால.”

நாங்கள் சிரித்த சிரிப்பில் அப்பளம் பறந்தது. அடக்க முடியாமல் உபதேசியாரும் சிரித்துவிட்டார். அதற்குமேல் எதை மறைக்க? அண்ணாச்சி அரிசிப் பெட்டியைத் திறந்து காட்டினார். உபதேசியார் குப்பியை வாங்கி, வருடத்தைப் படித்து, எஸ்தரைப் பார்த்தார். “கல்யாணத்துக்கு மொத நாளே நிமித்தி வையும். மண்டி அடியில தங்கணும்” என்றார்.

கல்யாணத்தன்று அண்ணாச்சி தக்கையோடு மல்லுக்கட்டினார். உபதேசியார் குப்பியைப் பிடுங்கி, வெள்ளைத் துணியில் வடிகட்டி, மெதுவாக ஒரு கிண்ணத்தில் ஊற்றினார். “ஊத்தத்தானே செய்யியேன், குடிக்கலியே!” என்று கர்த்தருக்கும் எங்களுக்கும் சேர்த்தே சொன்னார். மோந்து மட்டும் பார்த்தார், கொஞ்சம் அதிக நேரம்.

எங்கள் ஊர்ச் சூட்டில் கெட்டிருக்குமோ என்று பயந்தோம். இல்லை. பேரீச்சம்பழம், கிராம்பு, கருப்பட்டி, கடைசியில் ஒரு மெல்லிய சூடு. முதல் மடக்கை மகளுக்கு நீட்டி, “நீ பொறந்தப்ப நான் பக்கத்துல இல்ல மக்ளே” என்றார் அண்ணாச்சி. “இப்ப இருக்கீங்களே” என்றாள் எஸ்தர்.

அந்தக் கிண்ணம் சட்டப்படி இடப்பக்கமாகவே சுற்றி எனக்கும் வந்தது, என் வலப்பக்கமிருந்து. இன்றைக்கும் அந்தப் பக்கமிருந்து யாராவது எதையாவது நீட்டினால், அண்ணாச்சிதான் என்று திரும்பிப் பார்க்கிறேன்.