கழற்றிய நாற்காலிகள்

இரண்டு மலைகளைச் சேர்த்து ஒரே நாடு என்று சொல்லிக்கொண்ட தேசம் அது. மேற்கு மலையில் ஜனங்கள் இருந்தார்கள். கிழக்கு மலையில் அரசாங்கம் இருந்தது. நடுவே மூன்று நாள் நடைக்கு முள்ளும் பாறையுமாகப் பள்ளத்தாக்கு. அதைத் தாண்டிவிட ராட்சதப் பறவைகள் முதுகில் நாற்காலி கட்டி ஆட்களை ஏற்றிப் பறந்தன. நாரைக் கம்பெனி, கழுகுக் கம்பெனி என்று பெரிய கம்பெனிகள் இரண்டு.

மாதாமாதம் வான்துறை மந்திரி இரண்டையும் ஒப்பிட்டு அறிக்கை வாசிப்பார். அந்த மாதம் நாரை முந்நூறு நாற்காலி போட்டு இருநூற்று நாற்பது பேரை ஏற்றியிருந்தது. கழுகு நூறு நாற்காலிக்குத் தொண்ணூறு பேர்.

"நூற்றுக்கு எண்பதைவிடத் தொண்ணூறு பெரிது. ஆகவே ஜனங்களுக்கு அதிகம் உழைத்தது கழுகே!" என்றார் மந்திரி. கழுகுக்குப் பட்டுத் தலைப்பாகை கட்டினார்கள். காலி நாற்காலி தேசத்துக்கு அவமானம் என்று ஆணையும் போட்டார்கள்.

நாரைக்காரர்கள் ஆள் தேடவில்லை. நாற்காலியைக் கழற்றினார்கள். கழுகும் கழற்றியது. அவற்றைச் சுமந்து கொட்டகையில் அடுக்கியது சடைச்சியும் மாசானமும் மற்ற சுமைகாரர்களும். ஒவ்வொரு நாற்காலியிலும் அரச முத்திரை இருந்ததால் விறகாக்கவும் வழியில்லை.

"ஏ சடைச்சி, நேத்து ஏத்துனத இன்னிக்கு இறக்குறோம். நாளைக்குப் பறவையவே கழட்டச் சொல்லுவானுவளோ?" என்றான் மாசானம்.

"சொன்னா கழட்டு. றெக்கைய மட்டும் எனக்கு எடுத்து வையி."

அவளுக்கு அது வேடிக்கைப் பேச்சில்லை. புதிய பறவைத் திடலுக்காக மேற்கு மலையில் நாற்பத்து மூன்று குடும்பங்களின் தினைக்காட்டை எடுக்கப்போவதாக ஓலை வந்திருந்தது. சடைச்சியின் காடும் அதில் ஒன்று. ஆட்சேபம் இருந்தால் பௌர்ணமியன்று கிழக்குச் சபையில் சொல்ல வேண்டும். வராதவர் சம்மதித்தவர்.

பதினோரு நாள் மலை விளிம்பில் வரிசையில் நின்றாள். அதற்குள் ஒரு நாளைக்கு ஒரு பறவை, ஒரு பறவைக்கு ஒரு நாற்காலி என்று ஆகியிருந்தது.

"இன்று நூற்றுக்கு நூறு! எந்த நாட்டிலும் இல்லாத நிறைவு," என்றார் ஆள் ஏற்றும் துறை அதிகாரி, நெஞ்சை நிமிர்த்தி.

"அப்ப இந்த வரிசை, ஐயா?"

"வரிசை கணக்கில் வராது, அம்மா. நாற்காலியில் உட்கார்ந்தவரே பயணி. சபையிலும் தேர்தலிலும் அதே விதி. முத்திரை நாற்காலியில் உட்கார்ந்தவரே குடிமகன்."

சடைச்சி அவரைப் பார்க்கவில்லை. கொட்டகையைப் பார்த்தாள். பௌர்ணமிக்கு நாலு நாள் இருந்தது.

"மாசானம், சும்மாட்ட எடு."

குடும்பத்துக்கு ஒருவராக நாற்பத்து மூன்று பேர் கொட்டகையிலிருந்து நாற்பத்து மூன்று நாற்காலிகளைத் தலையில் வைத்துப் பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். ஓடையைக் கடக்கையில் மாசானத்தின் நாற்காலிக்கு ஒரு கால் போயிற்று. "தூக்கிப் போட்டுட்டு வாய்யா," என்றார்கள். "முத்திரை ஒடையலியே," என்று அவன் நடந்தான்.

பௌர்ணமியன்று சபையில் ஒரே நாற்காலி. அதில் மந்திரியின் மைத்துனர், அன்றைய பறவையில் வந்து இறங்கியவர்.

"சபை நிறைந்துள்ளது. ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டார் மந்திரி.

"இல்ல மச்சான்."

"நூற்றுக்கு நூறு சம்ம..."

கதவு திறந்தது. புழுதியும் கீறலுமாக உள்ளே வந்த சடைச்சி நாற்காலியை இறக்கிவைத்தாள்.

"கொஞ்சம் பொறுங்க ஐயா, உக்காந்துக்கிறோம்."

டொக், டொக் என்று நாற்காலிகள் இறங்கிக்கொண்டே இருந்தன. மாசானம் நாற்காலியின் போன காலுக்குப் பதிலாகத் தன் காலையே ஊன்றி உட்கார்ந்தான்.

"சட்டப்படி உக்காந்தாச்சு. இப்ப எண்ணச் சொல்லுங்க," என்றாள் சடைச்சி.

மந்திரி வாயைத் திறக்குமுன், எழுத்தர் பழக்க தோஷத்தில் எண்ணி முடித்து உரக்க வாசித்துவிட்டார்:

"நாற்காலி நாற்பத்து நாலு. ஆட்கள் நாற்பத்து நாலு. சம்மதம் ஒன்று. நூற்றுக்கு இரண்டேகால்."

காடு அன்றைக்குத் தப்பியது. மறுநாளே, முத்திரை நாற்காலி வைத்திருப்போர் அனைவரும் உடனே ஒப்படைக்க வேண்டும் என்று அரசாங்கம் பறை அறைந்தது. ஒருவரும் ஒப்படைக்கவில்லை. தேர்தலுக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது; கொட்டகையில் இன்னும் முந்நூற்றுச் சொச்சம் நாற்காலிகள் இருந்தன.