பதில் போகாத மனு

வெள்ளைக்காரன் நாட்டைவிட்டுப் போய்விட்டான் என்பதை இன்றுவரை ஒப்புக்கொள்ளாத ஒரே இந்தியர் எங்கள் விருதுநகர் அலுவலகத்தின் பதிவறைக் காப்பாளர்தான். போகிறேன் என்று அவன் எழுதிய கடிதம் எங்கள் தபாலில் வரவில்லை, அதற்கு எண் போடவில்லை, ஆகவே அவன் போகவில்லை என்பது அவர் கட்சி. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் நிலுவை அண்ணாச்சி.

அந்த வெள்ளைக்காரன் போட்ட ஏற்பாடுதான் இன்னும் ஓடுகிறது. வருகிற தாள் எதுவானாலும் தேதி முத்திரை குத்தி, எண் போட்டு, பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பதில் போனால்தான் கோப்பு முடியும். முடிந்ததை ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்று பிரித்து, நாடா போட்டுக் கட்டி, அலமாரியில் அடுக்க வேண்டும். கெடு தாண்டினால் அழித்துவிடலாம். பதில் போகாவிட்டால் அது நிலுவை, ஒருவரும் தொடக்கூடாது.

பக்கத்து சீட்டு குமாஸ்தா தன் கல்யாணப் பத்திரிகையை மஞ்சள் தடவிக் கொண்டுவந்து நீட்டினார். அண்ணாச்சி அதிலும் முத்திரை குத்தி, எண் போட்டு, 'ஓராண்டு' என்று எழுதிக் கட்டில் சேர்த்தார்.

"என்ன அண்ணாச்சி, என் கல்யாணம் ஒரு வருசத்துக்குத்தானா?" மாப்பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது.

"பிள்ள பெறந்தா மறுபடி தபால் வரும்ல. அப்ப கெடுவ நீட்டிக்கிடலாம். இப்பவே எதுக்கு அவசரப்படுதீக?"

இப்படிப்பட்டவர் தலையில்தான் அந்த உத்தரவு விழுந்தது. கணினி வைக்க இடம் வேண்டும், கெடு தாண்டிய கட்டுகளையெல்லாம் கழிவுத்தாளாக விற்றுவிடுங்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கடிதங்கள் முக்கால்வாசியும் பத்தாண்டுக் கெடுதான். அழிக்கச் சோம்பல்பட்டு அடுத்தடுத்து வந்த குமாஸ்தாக்கள் விட்டுவைத்தவை. அரசாங்கச் சோம்பலால் நாட்டுக்கு விளைந்த நன்மை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அதற்கும் முடிவு வந்துவிட்டது. விதி அண்ணாச்சிக்கு எதிராக நின்றது. விதியை மீற அவருக்குத் தெரியாது. மனிதர் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார்.

பிறகு ஒருநாள், தலையெல்லாம் தூசியாக, ஒரு கோப்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு அதிகாரி முன்னால் வந்து நின்றார். மல்லாங்கிணற்றில் வெள்ளாமை பார்த்த சம்சாரி ஒருவர், கண்மாய் மடை உடைந்துவிட்டது, கட்டிக் கொடுங்கள் என்று துரைக்கு எழுதிய மனு. துரை கீழே அறிக்கை கேட்டிருக்கிறார். அறிக்கை வரவில்லை. நினைவூட்டு போயிருக்கிறது. அதன்மேல் இன்னொரு நினைவூட்டு. அதோடு சரி. அந்த மனுவோடு கோத்த இணைப்புக் கோப்புகள் ஓர் அலமாரி நிறைய இருந்தன. மனு நிலுவை என்றால் அவையும் நிலுவை.

"பதில் போகலையேய்யா. நிலுவைய எப்படி விக்கிறது?"

"மனுக் கொடுத்தவர் செத்து எவ்வளவு காலம் ஆச்சோ!"

"ஆளு போயிட்டாருய்யா. மடை அங்கனதான கெடக்கு? ஞாயித்துக்கெளம பஸ் ஏறிப் போயிப் பாத்தேன். இன்னும் ஒடஞ்சுதான் கெடக்கு."

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்தபின் நான் அந்த மனுவை வாங்கி ஒருமுறை படித்துப் பார்த்தேன்.

அதிகாரி கெட்டிக்காரர். 'தங்கள் மனு ஏற்பதற்கில்லை' என்று அன்றே பதில் தயாரித்து, அந்தச் சம்சாரி பெயருக்கே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டார். கோப்பு முடிந்தது. அடுத்த வாரம், அப்படி ஒருவர் இல்லை என்று உறை திரும்பி வந்தது. அண்ணாச்சி அதைப் பச்சைக் குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கி, முத்திரை குத்தி, எண் போட்டார்.

"இது புதுத் தபால்யா. நடவடிக்கை எடுக்காம முடிக்க முடியாது."

அதிகாரி மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடினார்.

அடுத்து வந்தவர் வாதாடவே இல்லை. மகள் வளைகாப்புக்கு அண்ணாச்சி ஆமத்தூர் போன நாளாகப் பார்த்து லாரியை வரவழைத்தார். மறுநாள் அண்ணாச்சி கதவைத் திறந்தபோது, வெள்ளையடித்த வெறும் அறையில் சுண்ணாம்பு வாடைதான் இருந்தது. லாரி, பட்டாசு ஆலைகள் இருக்கிற நாரணாபுரம் பக்கம் போயிற்று என்றார்கள். அங்கே பழைய தாளுக்கு ஒரே வேலைதான், வெடிக்குச் சுற்றுவது.

அண்ணாச்சி நேரே எங்களிடம் வந்தார். "லாரிக்காரன்கிட்ட கையெழுத்தாவது வாங்குனீகளா?" என்றார். யாரும் வாங்கவில்லை. வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டார். இந்த அரசாங்கத்தின்மேல் எனக்கு மிச்சமிருந்த நம்பிக்கையும் அன்றோடு போயிற்று.

இப்போது அவர் ஓய்வுபெற்றுவிட்டார். தீபாவளிக் காலையில் எங்கள் தெருவுக்கு வருகிறார். வீட்டுக்கு வீடு குந்தி உட்கார்ந்து, வெடித்த சரத்தின் தாள் துண்டுகளைப் பொறுக்கி, நீவி, வெயிலில் காட்டிப் பார்க்கிறார்.

"என்ன அண்ணாச்சி தேடுதீக?"

"துரை ஆபீஸ் மசிக் கையெழுத்து ஏதும் தட்டுப்படுதான்னு பாக்கேன் தம்பி. ஒரு துண்டு கெடச்சாலும் போதும், நிலுவையில வச்சிரலாம்."

தினசரித் தாளும் பிள்ளைகளின் பரீட்சைத் தாளும்தான் கிடைக்கின்றன. வேறு எதுவும் கிடைக்கப்போவதில்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தாலும், அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டுப் போகும்வரை வாசலைப் பெருக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.